பாடுகிறவர் மறுபடியும் கூப்பிட வேண்டும்

வாசகர் கேள்வி:

"எனக்கு வயது 20. பி.காம் இறுதியாண்டு படிக்கிறேன். சிறு வயதில் கையில் கிடைத்த பாத்திரத்தையெல்லாம் தட்டிக்கொண்டிருந்த என்னை அப்பாதான் தபேலா வகுப்பில் சேர்த்தார். எட்டு வயதிலிருந்து வாசிக்கிறேன். எங்கள் ஊரில் பஜனைகளிலும் மெல்லிசைக் கச்சேரிகளிலும் வாசிப்பதுண்டு. வீடியோக்களைப் பார்த்து நிறையக் கற்றுக்கொண்டேன். காயிதா, ரேலா போன்ற தனி வாசிப்புக் கோவைகள் எல்லாம் நல்ல வேகத்தில் வருகின்றன. இதையே தொழிலாகக் கொள்ள வேண்டும் என்பது ஆசை. ஆனால் படிப்பு முடிந்ததும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை தயாராக இருக்கிறது. முதலில் அதில் சேரச் சொல்கிறார் அப்பா. எங்கள் ஊரில் இந்துஸ்தானி முறையில் கற்றுத்தரும் குரு யாரும் இல்லை. ஜாகிர் உசேன் போன்றவர்கள் குழந்தைப் பருவத்திலேயே மேடை ஏறியவர்கள். எனக்குக் காலம் கடந்துவிட்டதா? என்னால் தொழில்முறைக் கலைஞனாக முடியுமா?"

அன்புள்ள தம்பிக்கு,

காலம் கடக்கவில்லை. இருபது வயதில், பன்னிரண்டு ஆண்டு வாசித்த கையோடு இருக்கிறீர்கள். ஜாகிர் உசேனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். அவர் 1951இல் பிறந்தபோதே உஸ்தாத் அல்லா ரக்கா என்ற குரு அதே வீட்டில் இருந்தார். பிறந்த குழந்தையின் காதில் தந்தை தாளச் சொற்களைத்தான் ஓதினார் என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு வீடு உங்களுக்கும் இல்லை, எனக்கும் இருக்கவில்லை. பார்க்க வேண்டுமென்றால் அந்தத் தந்தையைப் பாருங்கள். ஜம்மு பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்து, சிறுவனாக வீட்டை விட்டுக் கிளம்பி, பஞ்சாப் கரானா என்ற வாசிப்பு மரபின் குரு மியான் காதர் பக்ஷைத் தேடிப் போய்க் கற்றுக்கொண்டவர் அவர். தேடிப் போக வேண்டியிருந்தது; போனார்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். காயிதா இருக்கிறது, ரேலா இருக்கிறது, வேகம் இருக்கிறது. தாளத்தைத் தாங்கித் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைச் சொற்கட்டுக்குப் பெயர் டேகா; அந்தச் சொல் ஓரிடத்தில்கூட இல்லை. யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தீர்கள், அவர் என்ன சொன்னார் என்பதும் இல்லை. உங்கள் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சிறு வயது ஆர்வம் என்பது நம் கை எழுப்பும் ஒலியின் மேல் நமக்கே உள்ள மோகம். அது இல்லாமல் யாரும் இந்த வாத்தியத்தோடு பத்து ஆண்டு தாக்குப்பிடிக்க முடியாது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். தொழில் தொடங்குவது வேறொரு இடத்தில். இன்னொருவர் பாடும்போது, மீட்டும்போது, ஆடும்போது அவருக்கு என்ன வேண்டும் என்று உங்கள் காது தேடத் தொடங்கும் நாளில். தபேலா வாசித்துப் பிழைக்கிற எல்லோரும் பெரும்பாலும் பக்கவாத்தியமாக வாசித்துத்தான் பிழைக்கிறார்கள். தனிக்கச்சேரி என்பது மிகப் பெரியவர்களுக்கே ஆண்டில் சில முறைதான். அல்லா ரக்காவை உலகம் எங்கே கேட்டது? 1967இல் மான்டரே இசை விழாவிலும், 1969இல் உட்ஸ்டாக் விழாவிலும், 1971இல் நியூயார்க்கில் நடந்த வங்கதேச நிதிக் கச்சேரியிலும் அவர் சிதார் மேதை ரவிசங்கருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தார்.

டேகா எவ்வளவு பெரிய வேலை என்பதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். விளம்ப காலத்தில், அதாவது மெதுவான நடையில், வரும் ஏக்தால் என்ற தாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மாத்திரை: தின் தின் தாகே திரகிட, தூ நா கத் தா, தாகே திரகிட தின் நா. கியால் என்ற இந்துஸ்தானிப் பாட்டு வகையைப் பாடுகிறவர் மிக மெதுவாக எடுத்தால் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, முடிய ஒரு நிமிடம்கூட ஆகும். அதற்குள் அவர் ராகத்தில் எங்கெங்கோ போய்விட்டு, சரியாகப் பாட்டின் எடுப்பைப் பிடித்து, சமம் என்ற முதல் மாத்திரையில் வந்து இறங்க வேண்டும். அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பதில்லை. உங்கள் டேகாவைக் கேட்டுத்தான் இடம் தெரிந்துகொள்கிறார். நான்காம் மாத்திரையிலும் திரகிட, பத்தாம் மாத்திரையிலும் திரகிட. இரண்டும் கேட்க ஒன்றுபோலவே இருக்கும். நடுவில் ஏழாம் மாத்திரையில் வரும் 'கத்' என்ற மூடிய அடிதான் பாதி வழி கடந்தாகிவிட்டது என்று அவருக்குச் சொல்கிறது. அந்த 'கத்' தெளிவாக விழுந்தால், அடுத்த திரகிட காதில் பட்டதும் அவர் எடுப்புக்குத் தயாராகிவிடுவார். நீங்கள் ஆசைப்பட்டு அந்த இடத்தை வேறு சொற்களால் நிரப்பினால் அவருக்கு வழி தெரியாமல் போகும். உங்கள் விரல்வித்தைக்குச் சபையில் இரண்டு பேர் தலையாட்டுவார்கள். பாடகர் அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுவார்.

தீன்தாலிலும் இதே கதைதான். பதினாறு மாத்திரையில் ஒன்பதாவது காலி. அதை அடுத்துப் பத்தாம் மாத்திரையிலிருந்து இடது கை வாசிக்கும் பாயானின் முழக்கம் நின்று, வலது கை மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கும். பதினான்காம் மாத்திரையில் பாயான் திரும்ப வரும்போது கேட்பவர்கள் எல்லோருக்கும், தாளம் தெரியாதவர்களுக்கும்கூட, சமம் நெருங்குகிறது என்று உடம்பிலேயே தெரிந்துவிடும். அந்த மீள்வருகைக்காகவே பாயானை வாசிக்கக் கற்க வேண்டும். இளைஞர்களில் பெரும்பாலோர் வலது கை வாசிக்கும் தாயானுக்கு இரவுபகல் பாராமல் உழைத்துவிட்டு, இடது கையை எடுபிடி போல நடத்துகிறார்கள். மணிக்கட்டின் அடிப்பகுதி தோலில் எவ்வளவு அழுந்துகிறது, எப்போது நகர்கிறது என்பதில்தான் பாயானின் பேச்சு முழுவதும் இருக்கிறது. தோலை அடித்து எழுப்பும் ஒலி ஒரு பங்கென்றால், அடித்த பின் அழுத்தி வளைக்கும் ஒலி மூன்று பங்கு.

என்னிடம் கற்ற மாணவர் ஒருவர் ரேலா வாசித்தால் அறையே திரும்பிப் பார்க்கும். அவரை முதன்முதலாக ஒரு பாடகிக்கு வாசிக்க அனுப்பினேன். நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது ஆவர்த்தனத்தில் லயம் மெல்ல ஏறத் தொடங்கியது. பாடகி கண்ணைத் திறக்காமலே இடது உள்ளங்கையைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்து இரண்டு முறை மெதுவாகத் தாழ்த்தினார். மேடையில் அதற்கு ஒரே பொருள்தான்: இறங்கு. மாணவர் அதைப் பார்க்கவில்லை. தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்மோனியக்காரர் கண்ணால் சாடை காட்டிய பிறகுதான் புரிந்தது. அதன் பின் ஓராண்டு அவர் பாடகிகளின் வகுப்புகளில் போய் உட்கார்ந்து டேகா மட்டும் வாசித்தார். இன்று அவருக்கு வேலைக்குக் குறைவில்லை.

ஆகவே உங்களுக்கு நான் தரும் முதல் பரீட்சை இது. லஹரா ஒன்றை, அதாவது தாளச் சுற்றைக் காட்டித் திரும்பத் திரும்ப வரும் மெட்டை, மெதுவான காலத்தில் ஓடவிட்டு, தீன்தால் டேகாவை மட்டும் இருபது நிமிடம் வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பல்ட்டா கூடாது, திஹாயி கூடாது, எதனாலும் நிரப்பக் கூடாது. அன்றைக்கே கேட்காதீர்கள், மறுநாள் கேளுங்கள். முதல் நிமிடத்தின் 'தா' என்ற அடியும் இருபதாம் நிமிடத்தின் 'தா' என்ற அடியும் ஒரே கனத்தில், ஒரே இனிமையில் இருக்கின்றனவா? லஹராவோடு ஒட்டிப் போகிறீர்களா, அதை முந்துகிறீர்களா? எந்த இடத்தில் உங்களுக்கே சலிப்புத் தட்டியது? சலிப்புத் தட்டிய இடத்தில் லயம் கட்டாயம் ஆடியிருக்கும். பிறகு லஹரா இல்லாமல் அதையே செய்து பாருங்கள்.

குரு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். வீடியோ நல்லதுதான், எங்கள் காலத்தில் ஒரு காயிதாவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தோம். ஆனால் வீடியோ உங்கள் வாசிப்பைக் கேட்பதில்லை. வலது கையில் 'நா' வாசிக்கும்போது மோதிர விரல் தோலின் நடுவிலுள்ள கருப்பின் ஓரத்தில் படிந்து கிடக்க வேண்டும். எவ்வளவு லேசாகப் படிய வேண்டும் என்பதைத் திரையில் பார்க்க முடியாது. கொஞ்சம் கூடுதலாக அழுந்தினால் ஒலி செத்துவிடும்; அதை ஈடுகட்ட ஆட்காட்டி விரலால் ஓங்கி அடிக்கத் தொடங்குவோம்; பத்து ஆண்டில் விரல் மூட்டு வலிக்கும். இதைப் பக்கத்தில் இருப்பவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். உங்கள் கையில் ஏற்கெனவே இப்படிச் சில பழக்கங்கள் ஊறியிருக்கலாம். அவற்றைக் கழற்றும்போது சில மாதம் வாசிப்பு மோசமாகும், வேகம் பாதியாகும். அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். இந்தக் கட்டத்தில் விட்டுவிட்டுப் போன திறமைசாலிகளை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

தில்லி, அஜ்ராடா, லக்னோ, பரூக்காபாத், பனாரஸ், பஞ்சாப் என்று ஆறு கரானாக்களில் எது என்று இப்போது குழம்ப வேண்டாம். நல்ல கையும் பொறுமையும் உள்ள ஒரு மனிதர் கிடைத்தால் அவருடைய கரானா உங்களுடையது. இந்துஸ்தானி இசை வேர்விட்ட மண் நமக்கு அவ்வளவு தொலைவில் இல்லை. கர்நாடகத்தின் தார்வாட், ஹூப்ளிப் பகுதி மல்லிகார்ஜுன் மன்சூர், கங்குபாய் ஹங்கல் என்ற பெரும் பாடகர்களைத் தந்த இடம். அங்கே பாட்டுக் கற்பவர்கள் தெருவுக்குத் தெரு இருப்பதால் தபேலாவுக்கும் வேலை இருக்கிறது. பெங்களூரும் சென்னையும் இருக்கவே இருக்கின்றன. வாரம் ஒரு இணையவழிப் பாடம், மாதம் ஒருமுறை நேரில் போய் இரண்டு மூன்று நாள் தங்கிக் கற்பது என்று ஒரு குருவிடம் கேட்டுப் பாருங்கள். பலர் சம்மதிக்கிறார்கள். அவர் கச்சேரிக்குப் போகும்போது உடன் போக அனுமதி கேளுங்கள். அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு போய், மேடைக்குப் பின்னால் அவர் சுருதி சேர்ப்பதைப் பார்ப்பதும், பாடகரோடு அவர் இரண்டு வார்த்தையில் பேசி முடிப்பதைக் கேட்பதும் எந்தப் பாடத்திட்டத்திலும் கிடைக்காத கல்வி.

சுருதி என்றதும் நினைவு வருகிறது. உங்களிடம் இருப்பது ஒரே ஒரு தாயானாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஒன்றரைக் கட்டையில் பாடும் ஆணுக்கும், ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்ணுக்கும் ஒரே தாயானை இழுத்துக் கட்ட முடியாது. வாய் சிறிதானால் சுருதி ஏறும், அகன்றால் இறங்கும். தொழிலில் இருப்பவர் இரண்டு மூன்று தாயான்களாவது வைத்திருப்பார். பாடகரின் சட்ஜமத்துக்குப் பொருந்தாதபோது மத்திமத்துக்கோ பஞ்சமத்துக்கோ சேர்த்துக்கொள்வதும் உண்டு. மழைக்கால ஈரத்தில் தோல் தளரும், மேடை விளக்கின் சூட்டில் இறுகும். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே, ஒலி எழாமல், சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி சரி செய்யும் லாவகம் வர வேண்டும். விளிம்பைச் சுற்றியுள்ள பதினாறு கண்ணும் ஒரே சுருதியில் பேச வேண்டும். இதற்கென்றே தினமும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

பஜனையிலும் மெல்லிசையிலும் வாசிக்கிறேன் என்று கொஞ்சம் கூச்சத்தோடு எழுதியிருப்பதாகத் தோன்றியது. கூச்சமே வேண்டாம். சென்ற நூற்றாண்டின் தனி வாசிப்புக்கு இலக்கணம் என்று எல்லோரும் சொல்லும் உஸ்தாத் அகமத் ஜான் திரக்வா, பால கந்தர்வாவின் மராத்தி நாடகக் குழுவில் வாசித்தவர். அல்லா ரக்கா ஏ.ஆர். குரேஷி என்ற பெயரில் இந்திப் படங்களுக்கு இசையமைத்தவர். ஒத்திகை இல்லாமல் ஒரு பாட்டைப் பிடித்துக்கொள்வது, ஒலிபெருக்கி சரியில்லாத மேடையில் சமாளிப்பது, கஹர்வா தாளத்தின் எட்டு மாத்திரைக்குள் பாட்டுக்குப் பாட்டு வேறு நடை காட்டுவது எல்லாம் அந்த மேடைகளில்தான் படியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மெல்லிசைக் குழுக்களில் தபேலாவின் இடத்தைப் பெருமளவு ரிதம் பேட் எடுத்துக்கொண்டுவிட்டது. திரைப்படப் பதிவுகளிலும் முன்பிருந்த அளவுக்கு வேலை இல்லை. அந்த ஒரு மேடையை மட்டும் நம்பித் தொழிலுக்கு வராதீர்கள்.

பிறகு எதை நம்புவது? ஒன்றை மட்டும் நம்ப முடியாது என்பதுதான் உண்மை. கியால், கஜல் கச்சேரிகள், அபங்கம், நாமசங்கீர்த்தனம், கதக் வகுப்புகளுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் வாசிப்பது, பதிவுக்கூட வேலை, பாடம் சொல்லிக்கொடுப்பது என்று ஐந்தாறு சிற்றோடைகள் சேர்ந்துதான் ஒரு வருமானம். இவற்றில் மாதாமாதம் தவறாமல் வருவது பாடம் சொல்லிக்கொடுப்பது. கதக்குக்கு வாசிப்பதை இளைஞர்கள் கவனிப்பதே இல்லை. ஆடுகிறவரின் காலோடு ஒரு துக்கடாவை (தாளச் சொற்களால் கட்டிய சிறு கோவையை) சேர்ந்து முடிக்கும்போது கிடைக்கும் கணக்குப் பயிற்சி வேறெங்கும் கிடைக்காது. கையும் தாங்கும், காதும் விரியும்.

ஆகாசவாணி ஆடிஷனுக்கு எழுதுங்கள். பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் பிரிக்கிறார்கள். அதில் கிடைக்கும் பணத்தைவிட, தரம் பெற்ற கலைஞர் என்ற அடையாளம் பல கதவுகளைத் திறக்கும். மத்திய கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயதுள்ள இளம் கலைஞர்களுக்கு இரண்டு ஆண்டு உதவித்தொகை தருகிறது, மாதம் 5,000 ரூபாய். குறைந்தது ஐந்தாண்டு பயிற்சி பெற்றதற்கு குருவின் சான்று கேட்பார்கள். உங்கள் பழைய ஆசிரியரிடம் அதை இப்போதே எழுதி வாங்கி வையுங்கள். கந்தர்வ மகாவித்யாலய மண்டலத்தின் விஷாரத் வரை தேர்வு எழுதிவிட்டால் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்க உதவும். மேடையில் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. முழுநேரமாகவே படிக்க நினைத்தால் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும், சத்தீஸ்கரின் கைராகட்டில் உள்ள இந்திரா கலா சங்கீதப் பல்கலைக்கழகத்திலும் தபேலாவுக்கே பட்டப்படிப்பு இருக்கிறது. கொல்கத்தாவில் சங்கீத ஆராய்ச்சி அகாடமி குருவுடன் தங்கிக் கற்க உதவித்தொகை தருகிறது. அங்கெல்லாம் போட்டி கடுமை.

இனி வேலை. என் கருத்து உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம்: சேருங்கள். ஆனால் சேரும் முன் வேலை நேரத்தைத் தெளிவாகக் கேளுங்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் மாதங்களில் ஆடிட்டர் அலுவலகங்களில் நள்ளிரவு வரை விளக்கு எரியும். அந்த மாதங்களில்கூடக் காலை ஐந்திலிருந்து ஏழு வரை உங்களுக்கென்று மிஞ்ச வேண்டும். மிஞ்சாது என்றால் அந்த வேலை வேண்டாம், சம்பளம் குறைந்த வேறு வேலை பாருங்கள். மிஞ்சும் என்றால், அந்தச் சம்பளம்தான் குருவிடம் போக ரயில் டிக்கெட், அதுதான் இரண்டாவது தாயான். பசியோடு வாசிப்பது கலைக்கு நல்லது என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். பணமுடை உள்ளவன் கிடைத்த மேடைக்கெல்லாம் ஓடுவான். அவனுக்குச் சாதகம் செய்ய நேரம் இருக்காது. கை அப்படியே நின்றுவிடும்.

எப்போது வேலையை விடலாம்? இதற்கு என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல்தான். உங்கள் நண்பர் அல்லாத, உங்கள் குருவின் சிபாரிசு இல்லாத ஒரு பாடகரோ நடனக் கலைஞரோ உங்களை ஒருமுறை வாசிக்க வைத்துவிட்டு, இரண்டாம் முறையும் தாமாகவே கூப்பிட வேண்டும். அப்படி மறுபடி கூப்பிடுகிறவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்துவிட்டால், காலண்டரில் நாட்கள் தாமாகவே நிறையும். அலுவலகத்தில் விடுப்புக் கேட்டுக் கேட்டு மாளாது. அந்த நிலை வந்தால் யாரிடமும் யோசனை கேட்க வேண்டியிருக்காது. இரண்டு மூன்று ஆண்டு முழு மனத்தோடு உழைத்தும் அப்படி ஒருவர்கூட வரவில்லை என்றால், தபேலா உங்கள் வாழ்க்கையில் இருக்கட்டும், வருமானமாக வேண்டாம் என்று முடிவு செய்துகொள்ளலாம். அப்படி மாலையில் வாசிக்கிற கணக்காளர்கள், மருத்துவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் சிலருடைய காது, முழுநேரக் கலைஞர்களின் காதைவிட நுட்பமானது.

அப்பாவோடு வாதாட வேண்டாம். வகுப்பில் சேர்த்துவிட்டவரே அவர்தானே. அவர் பயப்படுவது தபேலாவைக் கண்டு அல்ல, மாதக் கடைசியைக் கண்டு. நீங்கள் பி.காம் படிப்பவர். இந்த மாதத்திலிருந்தே தபேலா வரவு, தபேலா செலவு என்று ஒரு பேரேடு போடுங்கள். எந்தக் கச்சேரிக்கு எவ்வளவு, யார் கூப்பிட்டது, அவர் முன்பு கூப்பிட்டவரா, போக்குவரத்துச் செலவு யாருடையது, தோல் மாற்றியது எவ்வளவு என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். மற்ற கலைஞர்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு, 'சின்னப் பையன்தானே' என்று உங்களுக்கு மட்டும் பொன்னாடை போர்த்துகிற இடங்களும் அதில் தெரியவரும். அங்கே அடுத்த முறை போகும் முன் சன்மானம் பேசிவிட்டுப் போங்கள். எந்த வருமானமும் இல்லாத கோயில் பஜனையில் மனமுவந்து வாசிப்பது வேறு விஷயம். அதைப் பேரேட்டில் சேர்க்க வேண்டாம். ஓராண்டு முடிந்ததும் அந்தப் பேரேட்டை அப்பாவிடம் கொடுங்கள். நீங்கள் சொல்வதைவிட அது தெளிவாகப் பேசும்.

இருபது நிமிடப் பதிவை ஒரு மாதம் விடாமல் செய்து பார்த்துவிட்டு, கடைசியாகச் செய்ததை எனக்கு அனுப்புங்கள். காயிதாவும் ரேலாவும் வேண்டாம். கேட்டுவிட்டு, உங்கள் கைக்கு எந்த மாதிரி குரு பொருந்துவார் என்று எழுதுகிறேன்.